காவலூரும் திறந்த விண்மீன் கொத்துகளின் ஆய்வு வரலாறும்

காவலூர், தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அருகே உள்ள சிற்றூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம் இங்கே அமைந்துள்ளது. தருமபுரி நகரிலிருந்து வடகிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஆய்வகம் 1968 முதல் இரவு வானை நோக்கி வருகிறது. வியாழனின் துணைக்கோள் கேனிமீடு, யுரேனசின் வளையங்கள் ஆகியவை தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காகவே காவலூர் பெரும்பாலும் பேசப்படுகிறது. அதே மலையில் ஓசையின்றி நடந்த இன்னொரு பணி திறந்த விண்மீன் கொத்துகளின் ஆய்வு. விண்மீன்களின் வயதை அறியவும் வாழ்க்கைப் போக்கைப் புரிந்துகொள்ளவும் அடிப்படையான அந்த ஆய்வின் வரலாற்றையும், அதில் தமிழகத்துக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

திறந்த விண்மீன் கொத்து

ஒரே வாயு முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஈர்ப்பு விசையால் தளர்வாகப் பிணைக்கப்பட்டிருக்கும் விண்மீன் கூட்டம் திறந்த விண்மீன் கொத்து எனப்படும். இதில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை விண்மீன்கள் இருக்கும். பால்வழியின் தட்டுப் பகுதியிலேயே இவை காணப்படுகின்றன. லட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளிலிருந்து இவை வேறானவை.

திறந்த கொத்துகளில் பெரும்பாலானவை நீண்ட நாள் நிலைப்பதில்லை. பால்வழியின் ஈர்ப்பும், கடந்துசெல்லும் பெரிய வாயு முகில்களின் இழுப்பும் அவற்றைச் சிறிது சிறிதாகக் கலைத்துவிடுகின்றன. நமது சூரியனும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு கூட்டத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கருதுகின்றனர். அந்தக் கூட்டம் கலைந்து, சூரியனின் உடன்பிறப்புகள் பால்வழி எங்கும் பரவிவிட்டன. இன்னும் கலையாமல் இருக்கும் கொத்துகளே விண்மீன் குடும்பங்களை ஒரே இடத்தில் வைத்துப் படிக்க உதவுகின்றன.

இந்த ஆய்வு தொடக்கத்திலிருந்தே இரண்டு கேள்விகளைச் சுற்றி வந்துள்ளது. கூட்டமாகத் தெரிவது உண்மையிலேயே ஒரு கூட்டம்தானா? ஆம் எனில், அதன் வயது என்ன?

கண்ணால் கண்ட காலம்

தமிழர் நன்கறிந்த கார்த்திகை ஒரு திறந்த கொத்தே. அறுமீன், ஆரல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களாக அதைக் கதை சொல்கிறது. வெறும் கண்ணுக்கு ஆறு அல்லது ஏழு மீன்களாகத் தெரியும் கார்த்திகையில் உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அதன் தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டுகள்.

கார்த்திகைக்குக் கிழக்கே சிவப்பாக ஒளிரும் ரோகிணியைச் சுற்றி ஆங்கில 'வி' எழுத்து வடிவில் சில மீன்கள் தெரியும். அவை ஹையடீஸ் என்னும் கொத்தைச் சேர்ந்தவை. தொலைவு ஏறத்தாழ 150 ஒளியாண்டுகள். ரோகிணி அந்தக் கூட்டத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவிலேயே உள்ளது. ஒரே திசையில் இருப்பதாலேயே இரண்டும் சேர்ந்து தெரிகின்றன. கடக ராசியில் பூச நட்சத்திரப் பகுதியில் மங்கலான புகைபோலத் தெரிவதும் ஒரு கொத்து. அதை மேனாட்டார் தேன்கூட்டுக் கொத்து என்கின்றனர்.

1610-இல் கலிலியோ தமது தொலைநோக்கியால் கார்த்திகையிலும் பூசப் பகுதியிலும் கண்ணுக்குத் தெரியாத பல விண்மீன்களைக் கண்டு, படம் வரைந்து வெளியிட்டார். 1767-இல் ஆங்கிலேயரான ஜான் மிச்செல் முதல் கேள்விக்குக் கணிதத்தால் விடை தேடினார். கார்த்திகையின் ஒளிமிக்க மீன்கள் தற்செயலாக இவ்வளவு நெருக்கமாக அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 லட்சத்தில் ஒன்று என்று அவர் கணக்கிட்டார். எனவே அவை பிணைப்புள்ள கூட்டமாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். தற்செயலையும் உறவையும் எண்களால் பிரித்தறியும் முறை அப்போதே தொடங்கிவிட்டது.

வயதையும் தொலைவையும் அளத்தல்

இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1911-இல் டென்மார்க் வானியலாளர் எய்னார் ஹெர்ட்ஸ்பிரங் கார்த்திகை, ஹையடீஸ் ஆகிய கொத்துகளின் விண்மீன்களை, நிறத்துக்கு எதிராக ஒளியைக் குறித்து வரைபடமாக்கினார். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெண்மையாவதுபோல, விண்மீனின் நிறம் அதன் வெப்பத்தைக் காட்டும். ஒரு கொத்தின் மீன்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், அவற்றில் பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே அதிக ஒளியுடையது. ஆகவே வரைபடத்தில் புள்ளிகள் சிதறாமல் ஒரு தெளிவான பட்டையாக அமைகின்றன. இப்பட்டை முதன்மை வரிசை எனப்படுகிறது.

வயதை அறியும் வழியைக் கார்த்திகைத் திருநாள் விளக்குகளைக் கொண்டு விளக்கலாம். ஒரே நேரத்தில் ஏற்றிய அகல்களில் தடித்த திரி பெரிதாக எரிந்து எண்ணெயை விரைவில் தீர்த்துவிடும். மெல்லிய திரி மங்கலாக நெடுநேரம் எரியும். எந்தெந்தத் திரிகள் அணைந்துவிட்டன என்று பார்த்தே விளக்கேற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம். விண்மீன்களும் அப்படித்தான். சூரியன் தன் எரிபொருளைக் கொண்டு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் எரியும். சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீனின் எரிபொருளோ சில கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். எரிபொருள் தீர்ந்த விண்மீன் முதன்மை வரிசையை விட்டு விலகிச் செம்பெருமீனாகும். ஒரு கொத்தில் எந்த நிறையுள்ள மீன்கள் இப்போது விலகத் தொடங்கியுள்ளன என்பதே அதன் வயதைக் காட்டும் முள். இம்முறையில் கார்த்திகையின் வயது ஏறத்தாழ 10 முதல் 13 கோடி ஆண்டுகள் என்றும், ஹையடீஸின் வயது 60 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்றும் அறியப்பட்டுள்ளது. கார்த்திகை பிறந்தபோது பூமியில் டைனோசர்கள் உலவின.

1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் 100 திறந்த கொத்துகளின் தொலைவுகளை ஆராய்ந்தார். ஒளியைக் கொண்டு கணித்த தொலைவின்படி பார்த்தால், தொலைவிலுள்ள கொத்துகள் அருகிலுள்ளவற்றைவிடப் பெரியனவாகத் தோன்றின. தொலைவு கூடக் கூடக் கொத்துகள் பெருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசு ஒளியை மங்கச் செய்து தொலைவை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று அவர் விளக்கினார். பால்வழியில் தூசு பரவியிருப்பது திறந்த கொத்துகளின் வழியாகவே உறுதியாயிற்று. அன்றிலிருந்து கொத்தாய்வில் முதல் வேலை, தூசு எவ்வளவு ஒளியை மறைத்துள்ளது என்று கணித்துக் கழிப்பதாகும்.

சென்னையிலிருந்து காவலூருக்கு

தமிழகத்தில் தொலைநோக்கி வானியல் 1786-இல் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் வீட்டில் அமைத்த சிறு ஆய்வகத்திலிருந்து தொடங்குகிறது. 1792-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வகமாக நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்டது. அதன் கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. இதே 1792-இல்தான் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் ஆகிய ஊர்கள் அப்பகுதியில் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் அங்கே நில அளவையைத் தொடங்கினர். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அப்போது தருமபுரியில் பணியாற்றினார். மண்ணை அளக்கும் வேலைக்கும் வானை அளக்கும் வேலைக்கும் இடையே அக்காலத்தில் நெருங்கிய தொடர்பு இருந்தது. 1802-இல் தொடங்கிய தென்னிந்திய முக்கோண அளவைக்குச் சென்னை ஆய்வகத்தின் தீர்க்கரேகையே அடிப்படையாக அமைந்தது.

சென்னை ஆய்வகத்தின் முதன்மைப் பணி விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது. டி. ஜி. டெய்லர் உருவாக்கி 1844-இல் வெளிவந்த பட்டியலில் 11,000-க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இடம்பெற்றன. நார்மன் போக்சனின் காலத்தில் அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் தென்வானின் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவின் ஆய்வகங்களிலிருந்து காண இயலாத அளவுக்குத் தெற்கே உள்ள விண்மீன் அது. சென்னையிலிருந்தே அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகைதான் உயரும். தமிழகத்தின் அட்சரேகை வானியலுக்குத் தரும் வாய்ப்பை இது அன்றே காட்டியது.

1899-இல் ஆய்வுப்பணி கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே கவனம் முழுவதும் சூரியன் மீது திரும்பியது. இரவு வானியல் தமிழகத்தில் மீண்டும் வேரூன்றியது வைணு பாப்புவால். 1927-இல் சென்னையில் பிறந்த பாப்பு, ஐதராபாத்தின் நிசாமியா ஆய்வகத்தில் பணியாற்றிய தந்தையிடமிருந்து வானியல் ஆர்வத்தைப் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1949-இல் வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். அது பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர் பெற்றது. 1957-இல் ஓலின் வில்சனுடன் இணைந்து, விண்மீனின் நிறமாலையில் தெரியும் கால்சியக் கோட்டின் அகலத்திலிருந்து அதன் உண்மையான ஒளியை அறியும் முறையை வெளியிட்டார். நைனித்தால் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியபின் 1960-இல் கொடைக்கானலின் இயக்குநரானார்.

கொடைக்கானலின் பனிமூட்டமும் முகிலும் இரவு ஆய்வுக்கு ஏற்றவையாக இல்லை. பாப்பு தென்னிந்திய மலைகளில் இடம் தேடிச் சவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அங்கே காட்டுக்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் ஆய்வகம் உருவானது. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி 1968-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அப்போது காவலூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வேலூரிலும், 2019 முதல் திருப்பத்தூரிலும் சேர்ந்துள்ளது.

இடத்தின் சிறப்பு

காவலூரைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று அட்சரேகை, மற்றொன்று இருள்.

காவலூரின் அட்சரேகை வடக்கே 12.6 பாகை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடவானின் பெரும்பகுதியும் தென்வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். வடக்கே பெர்சியசின் இரட்டைக் கொத்து உச்சிவேளையில் 45 பாகை உயரம் வரை ஏறும். தெற்கே சிலுவை மண்டலத்தின் அணிகலப் பெட்டிக் கொத்து 17 பாகை உயரத்தில் கடக்கும். ஐரோப்பாவிலிருந்து இரண்டாவதும், தென்னாப்பிரிக்காவிலிருந்து முதலாவதும் சரிவரத் தெரியாது. கொத்துகள் வானில் ஒரே பக்கம் குவிந்திருப்பவையல்ல. பால்வழிப் பட்டை முழுவதும் பரவியிருப்பவை. அவற்றை ஒரே கருவியால் ஒப்பிட வேண்டுமாயின் இத்தகைய இடம் பெரிதும் பயன்படும்.

பருவமழை மட்டும் தடையாக இருக்கிறது. ஆண்டின் பிற்பாதியில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளின் முகில் வானை மூடும். தெளிந்த இரவுகள் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை கிடைக்கின்றன. அந்த மாதங்களில் உச்சிக்கு வரும் ஆரிகா, மிதுனம், பெருநாய், கடகம் ஆகிய மண்டலங்கள் திறந்த கொத்துகள் நிறைந்தவை.

1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா நிறுவனம் செய்த 102 செ.மீ. தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை நோக்கியதில், அத்துணைக்கோளுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய நோக்கல்களிலும் இத்தொலைநோக்கி பங்குகொண்டது. பாப்பு திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதன் ஆடியும் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அது நிறைவேறுவதைக் காணாமல் 1982 ஆகஸ்டு 19 அன்று பாப்பு காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கியைத் திறந்துவைத்தபோது, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

காவலூரில் கொத்தாய்வு

திறந்த கொத்துகள் நடுத்தர அளவுத் தொலைநோக்கிகளுக்கு ஏற்றவை. அவற்றை ஆராய மிகப் பெரிய ஆடியைவிட, சீரான இரவுகளும் பொறுமையான அளவீடும் தேவை. முதலில் கொத்தை நீலம், பச்சை, சிவப்பு முதலிய வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படமெடுக்க வேண்டும். ஒளி துல்லியமாக அறியப்பட்ட விண்மீன்களையும் அதே இரவில் எடுத்து ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் அளக்க வேண்டும். கொத்துக்கு முன்னும் பின்னும் அதே திசையில் உள்ள தொடர்பற்ற விண்மீன்களைப் பிரிக்கக் கொத்துக்கு வெளியே உள்ள வானையும் படமெடுத்து அதன் கணக்கைக் கழிக்க வேண்டும். முன்பு ஒளிப்படத் தகட்டிலும் ஒளிமின் அளவியிலும் செய்யப்பட்ட இவ்வேலை, சிசிடி என்னும் மின்னணு உணரிகள் வந்தபின் வேகமடைந்தது. ஒரே படத்தில் நூற்றுக்கணக்கான மங்கலான மீன்களை அளக்க முடிந்தது.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் ராம் சாகர். இளம் கொத்துகளில் எந்த நிறையுள்ள விண்மீன்கள் எத்தனை பிறக்கின்றன, கனத்தவை ஏன் நடுவில் திரள்கின்றன என்பன அவர் ஆராய்ந்த கேள்விகள். பின்னர் அவர் நைனித்தாலின் ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். அவருடன் பணியாற்றியவர் அன்னபூரணி சுப்பிரமணியம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் விண்மீன் கொத்துகளை ஆராய்ந்து 1996-இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2019-இல் அதே நிறுவனத்தின் இயக்குநரானார்.

இவர்களின் பணி பழைய முதல் கேள்வியைப் புதிய வடிவில் எழுப்பியது. பெர்சியசின் இரட்டைக் கொத்து ஒரே காலத்தில் பிறந்த மெய்யான இணை என்பது தெரிந்ததே. வானில் அருகருகே தெரியும் மற்றக் கொத்துகளும் அப்படிப்பட்ட இணைகளா? 1995-இல் இருவரும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அறியப்பட்ட கொத்துகளின் பட்டியலை அலசி இணையாக இருக்கக்கூடியவற்றை அடையாளம் கண்டனர். பால்வழியின் திறந்த கொத்துகளில் ஏறத்தாழ 8 சதவீதம் இணைகளாக இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.

பட்டியலில் அருகருகே இருப்பது மட்டும் சான்றாகாது. வயதும் தொலைவும் பொருந்த வேண்டும். 1999-இல் வெளிவந்த ஆய்வில் இருவரும் என்.ஜி.சி. 1907, 1912, 2383, 2384, 6709 ஆகிய ஐந்து கொத்துகளை அளந்தனர். பெருநாய் மண்டலத்தில் உள்ள 2383, 2384 இரண்டும் வானில் ஒட்டியிருப்பவை. தொலைவும் இரண்டுக்கும் ஏறத்தாழ பத்தாயிரம் ஒளியாண்டுகள். ஆனால் ஒன்றின் வயது 40 கோடி ஆண்டுகள், மற்றொன்றின் வயது 2 கோடி ஆண்டுகள் என்று தெரியவந்தது. ஒரே கருவில் பிறந்தவை அல்ல என்பது அதனால் தெளிவாயிற்று. ஆரிகா மண்டலத்தின் 1907, 1912 இணையின் வயதுகள் முறையே ஏறத்தாழ 40 கோடி, 25 கோடி ஆண்டுகள். இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் பிறந்து இப்போது ஒன்றையொன்று நெருங்கிக் கடந்துசெல்பவையாக இருக்கலாம் என்று 2002-இல் வேறொரு குழுவினர் கணித்தனர். ரோகிணி ஹையடீசுடன் சேர்ந்து தெரிவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே இரண்டும் மெய்யாகவே அருகில் உள்ளன; ஆயினும் உறவினர் அல்லர், வழிப்போக்கர்கள்.

ஹன்லேயும் விண்வெளியும்

2000-ஆம் ஆண்டில் லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமயச் சந்திரா தொலைநோக்கி முதல் ஒளியைக் கண்டது. பெங்களூருக்கு அருகே உள்ள ஒசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே அது இயக்கப்படுகிறது. கொத்தாய்வின் ஒரு பெரும்பகுதி அங்கே நகர்ந்தது. 2008-இல் வெளிவந்த ஆய்வில் பிளேசி மேத்யூ, அன்னபூரணி சுப்பிரமணியம், பட் ஆகியோர் 207 இளம் கொத்துகளை நோக்கினர். பிளவு இல்லாத நிறமாலை முறையில் ஒரே படத்தில் கொத்தின் எல்லா மீன்களின் நிறமாலையும் பதியும். அதில் ஹைட்ரஜன் கோடு ஒளிர்ந்து தெரியும் விண்மீன்களைத் தேடினர். வேகமாகச் சுழன்று தம்மைச் சுற்றி வாயுத் தட்டை உருவாக்கிக்கொள்ளும் வெப்பமான விண்மீன்கள் பெரும்பாலும் இவ்வாறு தெரியும். 42 கொத்துகளில் 157 உமிழ்கோட்டு விண்மீன்கள் அகப்பட்டன. கொத்துகளின் வயது முன்பே தெரிந்திருப்பதால், இத்தகைய மீன்கள் வாழ்வின் எந்தக் கட்டத்தில் இப்படி ஆகின்றன என்று கேட்க முடிந்தது. தனித்திரியும் விண்மீனிடம் இக்கேள்வியைக் கேட்க இயலாது.

2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி இடம்பெற்றது. அது தொடக்கத்தில் நோக்கிய இலக்குகளில் ஒன்று என்.ஜி.சி. 188 என்னும் திறந்த கொத்து. ஏறத்தாழ 700 கோடி ஆண்டு வயதுடைய இக்கொத்து வடதுருவத்துக்கு மிக அருகே இருப்பதால் காவலூரிலிருந்து எப்போதும் அடிவானத்தை ஒட்டியே தெரியும். வளிமண்டலத்துக்கு மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அந்தத் தடை இல்லை.

முதிய கொத்துகளில் ஒரு புதிர் உண்டு. கனத்த மீன்கள் எல்லாம் அணைந்துவிட்ட பின்னும் சில மீன்கள் நீலமாக, இளமையாக ஒளிர்கின்றன. கூட்டத்தோடு சேர்ந்து முதுமை அடையாமல் பின்தங்கிவிட்டதுபோல் தோன்றுவதால் அவற்றை நீலப் பின்தங்கிகள் என்பர். அகல் உவமையில் சொன்னால், தடித்த திரிகள் எல்லாம் அணைந்த வரிசையில் ஒன்று மட்டும் பெரிதாக எரிகிறது. யாரோ அதில் எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். 2016-இல் அன்னபூரணி சுப்பிரமணியம் தலைமையிலான குழு, என்.ஜி.சி. 188-இன் நீலப் பின்தங்கி ஒன்றுக்கு அருகே வெப்பமான துணை மீன் ஒன்று இருப்பதைப் புறஊதா ஒளியில் கண்டறிந்தது. 2019-இல் எம் 67 என்னும் 400 கோடி ஆண்டு வயதுடைய கொத்திலும் ஒரு நீலப் பின்தங்கிக்கு வெண்குறுமீன் துணையாக இருப்பது தெரியவந்தது. முதுமையடைந்த துணை மீன் தன் வாயுவை மற்றொன்றின் மீது ஊற்றி அதற்குப் புது வாழ்வு தந்திருக்கிறது. எஞ்சிய அதன் உள்ளகமே அந்த வெண்குறுமீன்.

தருமபுரி வானில் தெரியும் கொத்துகள்

தருமபுரி மாவட்டம் காவலூருக்குச் சற்றே தெற்கில், வடக்கே 12 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. ஆய்வகத்தில் தெரியும் கொத்துகள் அனைத்தும் இங்கும் தெரியும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் முன்னிரவில் கிழக்கே கார்த்திகையும், அதைத் தொடர்ந்து ரோகிணியைச் சூழ்ந்த ஹையடீசும் எழும். மாசி, பங்குனியில் தலைக்கு மேல் பூசப் பகுதிக் கொத்தைக் காணலாம். பைனாகுலர் வழியே அது தனித்தனி மீன்களாகப் பிரியும். சித்திரையில் தென் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில், தெற்குக் கார்த்திகை என்று வழங்கப்படும் ஐ.சி. 2602 கடந்துசெல்லும். ஆனி, ஆடியில் முகில் விலகும் இரவுகளில் விருச்சிகத்தின் வால் முனையில், மூல நட்சத்திரத்துக்கு அருகே எம் 7 வெண்திட்டாகத் தெரியும். தாலமி 1,900 ஆண்டுகளுக்கு முன்பே குறித்த கொத்து அது.

இருளும் ஆய்வும்

2014-இல் காவலூரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று சேர்ந்தது. பாப்புவுக்குப் பின் இயக்குநராக இருந்த ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆய்வகத்தின் அட்சரேகை மாறாது. ஆனால் இருள் மாறக்கூடியது. சவ்வாது மலையைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், சோலையார்பேட்டை என நகரங்கள் வளர்ந்துள்ளன. மேல்நோக்கிச் சிதறும் தெருவிளக்கு ஒளி காற்றிலுள்ள தூசில் பட்டு வானத்தைப் பின்னணியில் வெளிறச் செய்கிறது.

கொத்தாய்வில் இந்த இழப்பு நேரடியானது. பின்னணி வெளிறும்போது முதலில் மறைபவை கொத்தின் மங்கலான, சிறுநிறை மீன்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மையும் அவையே. அவை இல்லாவிட்டால் எத்தனை விண்மீன்கள் பிறந்தன, கொத்து எவ்வளவு கலைந்துள்ளது என்ற கணக்குகள் குறைபடும். ஹன்லேயைச் சுற்றிய பகுதி 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராமத்தாரே விளக்குகளை மறைத்துக் கீழ்நோக்கி அமைத்துக்கொள்கின்றனர். விளக்கை அணைக்க வேண்டியதில்லை. ஒளி தரைக்கு மட்டும் விழும்படி மூடி அமைத்தால் மின்சாரமும் மிஞ்சும்.

ஓர் ஊரின் இருளை அளக்கக் கருவி தேவையில்லை. நிலவில்லாத இரவில் கார்த்திகையில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று எண்ணினால் போதும். நல்ல இருளில் ஆறு எளிதாகத் தெரியும். கூரிய கண்ணுக்கு அதற்கு மேலும் தெரியும். நகர வெளிச்சத்தில் அந்த எண்ணிக்கை குறையும். ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில் எண்ணிக் குறித்து வந்தால், தருமபுரியின் எந்த ஊரிலும் வானம் எவ்வாறு மாறி வருகிறது என்பதற்கு ஒரு பதிவு கிடைக்கும்.